டிஸ்க் சுழல்கிறது, படம் ஏன் வரவில்லை?

பிள்ளைகள் புது மடிக்கணினி வாங்கிக்கொண்டதும் பழையது வீட்டில் சும்மா கிடக்கும். அதைக் கூடத்துத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டால் பழைய படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், கல்யாண வீடியோவைப் பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம். நல்ல யோசனைதான். பினாங்கில் கொம்தாரிலோ பிராங்கின் மாலிலோ ஒரு எச்டிஎம்ஐ வயரும், யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவும் வாங்கி வந்தால் போதும். லிட்டில் இந்தியாவில் எப்போதோ வாங்கிய டிவிடி ஒன்றை உள்ளே தள்ளுகிறோம். டிஸ்க் உர்ரென்று சுழல்கிறது, படம் மட்டும் வரவில்லை. “டிஸ்க் போயிருச்சு” என்கிறார் ஒருவர். “கம்ப்யூட்டர் பழசு, அதான்” என்கிறார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. எது குறைகிறது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

எளிய வேலையை முதலில் முடித்துவிடலாம். எச்டிஎம்ஐ வயர் ஒன்றிலேயே படமும் ஒலியும் சேர்ந்து போகும். படம் தொலைக்காட்சியில் தெரிந்து, சத்தம் மட்டும் மடிக்கணினியிலேயே கேட்டால், திரையின் கீழ்க்கோடியில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தைச் சொடுக்கித் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தால், தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பில் முழுப் படமும் தெரியும்படி மாற்ற வேண்டும். இணைப்பு வேலை இவ்வளவுதான்.

இப்போது டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். நம் மலேசிய டிவிடியில் ஒரு படச்சட்டம் 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம். பெருக்கினால் 4 லட்சத்து 14 ஆயிரத்து 720 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 3 பைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு சட்டத்துக்கு 12 லட்சத்து 44 ஆயிரம் பைட். நொடிக்கு 25 சட்டம் ஓட வேண்டும். அப்படியானால் ஒரு நொடிப் படத்துக்கு 3 கோடியே 11 லட்சம் பைட் தேவை. சாதாரண டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், அதாவது 470 கோடி பைட். வகுத்துப் பார்த்தால் இரண்டரை நிமிடத்தில் டிஸ்க் நிறைந்துவிடும். ஒரு பாட்டைக் கூட முழுதாக அடக்க முடியாது. ஆனால் அதே டிஸ்க்கில் நாம் இரண்டு மணி நேரப் படம் பார்க்கிறோம்.

பார்க்க முடிவதற்குக் காரணம், டிஸ்க்கில் படங்கள் அப்படியே வைக்கப்படவில்லை. ஒரு கல்யாண வீடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். மணவறை அசைவதில்லை, பின்னால் தொங்கும் திரை அசைவதில்லை. ஐயரின் கை அசைகிறது, ஓமப் புகை அசைகிறது. முதல் சட்டத்தை முழுமையாகப் பதிந்துவிட்டால், அடுத்த சட்டங்களுக்கு எது மாறியது, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று குறித்தாலே போதும். கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத நுணுக்கங்களையும் விட்டுவிடலாம். இப்படிச் சுருக்கும் விதிகளை உலகப் பொதுவாக வகுத்த குழுவின் பெயர் எம்பெக். அது முதலில் கொண்டுவந்த எம்பெக்-1 விதியில் ஓடியது விசிடி. அடுத்து வந்த எம்பெக்-2 விதியில் ஓடுவது டிவிடி.

எல்லாமே ஒரே நேரத்தில் மாறினால் என்ன ஆகும்? அதற்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. வழியெங்கும் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைக்கிறார்கள். சில்லும் தண்ணீரும் தெறிக்க, கூட்டம் முழுவதும் அசைகிறது. போன சட்டத்தில் இருந்தது எதுவும் இந்தச் சட்டத்தில் அதே இடத்தில் இல்லை. மாற்றங்களை மட்டும் குறித்து மிச்சம் பிடிக்க இங்கே வழியில்லை. விசிடிக்கு நொடிக்குக் கிடைப்பதோ ஏறக்குறைய 11.5 லட்சம் பிட்தான். டிவிடிக்கு அது 98 லட்சம் வரை போகலாம். அதனால்தான் பழைய தைப்பூச விசிடியில் தேங்காய் உடைபடும் இடத்தில் படம் சதுரம் சதுரமாகச் சிதறும். டிஸ்க் கெட்டுப்போனதால் வந்த சதுரமில்லை அது. பதிந்த அன்றைக்கே அப்படித்தான் இருந்தது.

சுருக்கி எழுதியதை விரித்துப் படிக்க ஆள் வேண்டும். இதைப் புரிந்துகொள்ள அந்தக் கால அலுவலகத்துச் சுருக்கெழுத்தாளரை நினைத்தால் போதும். மேலதிகாரி பேசப் பேச, கோடும் வளைவும் புள்ளியுமாக நோட்டில் எழுதிக்கொள்வார். அதே முறை தெரிந்த இன்னொருவர் நோட்டை எடுத்தால், சொன்னது சொன்னபடி தட்டச்சு செய்துவிடுவார். முறை தெரியாத நம்மிடம் அந்த நோட்டைக் கொடுத்தால்? கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வளைவையும் தெளிவாகப் பார்ப்போம், ஒரு சொல்லும் விளங்காது. நோட்டில் குறையில்லை, கண்ணிலும் குறையில்லை. தெரியாதது அந்த எழுத்துமுறை ஒன்றுதான்.

எல்லா வீட்டிலும் தடம் மாறும் இடம் இதுதான், ஆகவே இங்கே சற்று நிற்போம். டிவிடி டிரைவ் இருந்தால் டிவிடி படம் ஓடும் என்று நாம் நம்புகிறோம். டிரைவ் செய்வது கண்ணின் வேலை. டிஸ்க்கில் இருக்கும் குறிகளைத் தப்பில்லாமல் எடுத்துக் கணினியிடம் கொடுத்ததும் அதன் கடமை முடிந்தது. அந்தக் குறிகளிலிருந்து படத்தை விரித்தெடுப்பது ஒரு மென்பொருள். எழுதும் விதியும் படிக்கும் விதியும் சேர்ந்ததைத்தான் கோடெக் என்கிறோம். அது கணினியில் இல்லையென்றால், எத்தனை புது டிரைவ் வாங்கி மாட்டினாலும் திரை இருட்டாகவே இருக்கும்.

கோப்பின் பெயர் விஷயத்திலும் இதே குழப்பம் வருகிறது. “இதுவும் எம்பி4, அதுவும் எம்பி4, ஒன்று ஓடுகிறது, இன்னொன்று ஏன் ஓடவில்லை?” என்று கேட்காத ஆளில்லை. எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்பதெல்லாம் நோட்டின் அட்டை. உள்ளே எந்தச் சுருக்கெழுத்து என்பதை அட்டை மட்டும் சொல்லிவிடாது. ஒரே மாதிரி அட்டைக்குள் வெவ்வேறு முறையில் எழுதிய பக்கங்கள் இருக்கலாம். ஆகவே கோப்பின் பெயரை மாற்றிப் பார்ப்பதால் பெரும்பாலும் பலன் கிடைக்காது.

அப்படியென்றால் விசிடி மட்டும் எந்தத் தொல்லையும் தராமல் ஓடியதே என்று நீங்கள் கேட்கலாம். எம்பெக்-1 படிக்கும் திறன் விண்டோஸ் 98 காலத்திலேயே கணினியோடு சேர்ந்து வந்துவிட்டது. அதனால் மலேசிய வீடுகளில் விசிடி கோலோச்சிய அந்த ஆண்டுகளில் யாருக்கும் இந்தச் சந்தேகம் எழவில்லை. ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு டிஸ்க், நீளமான படம் என்றால் மூன்று. போட்டால் ஓடியது. 1996-இன் கடைசியில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்து, பிறகு மெல்ல நம் ஊருக்கும் வந்து சேர்ந்தபோதுதான், டிரைவ் இருந்தும் படம் வராத நிலை உண்டானது.

காரணம் பணம். எம்பெக்-2 விதியைப் பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கின. ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் காப்புரிமை வைத்திருந்தது. படிக்கும் கருவியோ மென்பொருளோ விற்பவர்கள் அவர்களுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். 2002 முதல் ஒரு பிரதிக்கு 2.50 அமெரிக்க டாலர், 2010 முதல் 2 டாலர். ஒரு கணினிக்கு இது சின்னத் தொகையாகத் தெரியலாம். கோடிக்கணக்கில் விற்கும் நிறுவனம் அப்படிப் பார்க்க முடியாது. விண்டோஸ் எக்ஸ்பியில் எம்பெக்-2 படிக்கும் மென்பொருள், அதாவது படிப்பான், இல்லாமல் போனதற்குப் பின்னணி இதுதான்.

டிவிடி டிரைவ் வாங்கினால் பெட்டிக்குள் கூடவே ஒரு சிடி வந்தது நினைவிருக்கிறதா? பவர்டிவிடி என்றோ வின்டிவிடி என்றோ எழுதியிருக்கும். பலர் அதை விளம்பரச் சிடி என்று நினைத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். அந்தச் சிடிக்குள்தான் கட்டணம் கட்டிய படிப்பான் இருந்தது. டிரைவ் விலையோடு அதற்கும் நாம் பணம் கொடுத்திருந்தோம். இலவச இணைப்பு என்று ஒன்று அங்கே இல்லை. இப்படிக் கூட வரும் மென்பொருளுக்கு எல்லை உண்டு. சிலது குறிப்பிட்ட நிறுவனத்தின் டிரைவ் இருந்தால்தான் திறக்கும். சிலதில் ஒலியின் முழு வசதி இருக்காது. கணினியை மாற்றியதும் “முன்னே ஓடியது இப்போது ஓடவில்லையே” என்று தோன்றுவதற்கு இதுவும் காரணம்.

விண்டோஸ் 7-இன் ஹோம் பிரீமியம் முதலான பதிப்புகளில் மைக்ரோசாஃப்டே அந்தக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு படிப்பானை உள்ளே வைத்திருந்தது. போட்டால் ஓடும் காலம் கொஞ்சம் திரும்பி வந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். டிரைவே இல்லாத கணினிகள் பெருகும்போது எல்லாவற்றுக்கும் கட்டணம் கட்டுவானேன் என்பது அவர்கள் சொன்ன நியாயம். 2015-இல் விண்டோஸ் 10-க்கு மாறியவர்கள் படம் பார்க்க உதவிய மீடியா சென்டர் என்ற மென்பொருளையும் சேர்த்து இழந்தார்கள். கணினி அதே கணினி, டிஸ்க் அதே டிஸ்க். எழுத்துமுறை தெரிந்த ஆளைத்தான் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. எம்பெக்-2 தொடர்பான கடைசி அமெரிக்கக் காப்புரிமை 2018 பிப்ரவரியில் முடிந்தது. மற்ற நாடுகளிலும் ஒவ்வொன்றாக முடிந்து, 2024 தொடக்கத்தில் உலகத்திலேயே ஒரே ஒரு நாட்டில் மட்டும் மிச்சம் இருந்தது. அந்த நாடு மலேசியா. டிவிடியே வழக்கொழிந்துகொண்டிருக்கும் காலத்திலும் நம் நாட்டுப் பதிவேட்டில் அது உயிரோடு இருந்தது.

டிவிடியோடு இந்தக் கதை முடியவில்லை. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புதிய ஐஃபோன்கள் எச்இவிசி என்ற முறையில் வீடியோ பதிகின்றன. இடம் குறைவாகப் பிடிக்கும், படம் தெளிவாக இருக்கும். அந்தக் கோப்பைப் பழைய மடிக்கணினியில் போட்டால் சில நேரம் ஒலி மட்டும் கேட்கும், படம் வராது. மைக்ரோசாஃப்ட் கடையில் அதற்கான படிப்பானை 99 அமெரிக்கக் காசுக்கு விற்கிறார்கள்.  இன்றைய இன்டெல் சில்லுகளுக்குள் எச்இவிசி படிக்கும் மின்சுற்று பிறவியிலேயே இருக்கிறது. இருந்தும் எச்பி, டெல் நிறுவனங்கள் சில மடிக்கணினி வகைகளில் அதைச் செயலிழக்கச் செய்திருப்பதாக 2025-இல் செய்தி வந்தது. சில்லு தெரிந்துவைத்திருப்பதைச் செய்யவிடாமல் தடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெட்டியின் மேல் அதை எழுதியாவது விற்க வேண்டும்.

சரி, வீட்டில் நாம் செய்ய வேண்டியது என்ன? பாரிஸ் அருகே எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய திட்டம் ஒன்று விஎல்சி என்ற பெயரில் வளர்ந்திருக்கிறது. 2001 முதல் அது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்தில் வருகிறது. ஆரஞ்சு வெள்ளைக் கூம்புதான் அடையாளம். விசிடி, டிவிடி, எச்இவிசி எல்லாவற்றையும் படிக்கும் முறைகளை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. வேறு எதையும் தேடிச் சேர்க்கத் தேவையில்லை. வீடியோலேன் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். அதே கூம்பைப் போட்டு ஏமாற்றும் தளங்கள் இருக்கின்றன. ‘கோடெக் பேக்’ என்று கட்டுக்கட்டாகக் கிடைப்பவற்றையும் தொடவேண்டாம். அவற்றோடு நச்சுநிரல் ஒட்டிக்கொண்டு வருவது பழைய தொல்லை.

விஎல்சி போட்ட பிறகும் ஒரு படம் ஓட மறுத்தால், வட்டார எண்ணைப் பாருங்கள். படத் தயாரிப்பாளர்கள் உலகைத் துண்டு துண்டாகப் பிரித்து டிவிடிக்கு எண் கொடுத்தார்கள். மலேசியா 3, இந்தியா 5. சென்னையிலிருந்து உறவினர் வாங்கி வந்த டிவிடியில் 5 என்று இருந்தால், 3-க்கு அமைந்த டிரைவ் அதை மறுக்கலாம். எல்லா வட்டாரத்துக்கும் பொதுவான டிஸ்க் என்றால் பிரச்சினை இல்லை. வட்டாரத்தை மாற்றவா என்று கணினி கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஒரு டிரைவுக்கு ஐந்து முறைதான் மாற்றம் உண்டு. ஐந்தாவதோடு அது அதே எண்ணில் நிலைத்துவிடும்.

நீங்கள் இணைப்பது பழையது அல்லாமல் புதுக் கணினியாக இருந்தால், கூடவே வந்திருக்கும் மென்பொருள்களை ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். சில வாரம் மட்டும் இலவசமாக ஓடிவிட்டுப் பிறகு பணம் கேட்கும் நச்சுத்தடுப்பு இருந்தால் நீக்கிவிடலாம். விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் கணினி நிறுவனத்தின் பெயரில் வரும் ஒலி, திரை தொடர்பானவற்றை அவசரப்பட்டு நீக்கவேண்டாம். ஒலிபெருக்கி வேலை செய்யாமல் போகக்கூடும்.

கூட வருவதில் நமக்குப் பெருமை தருவதும் ஒன்று உண்டு. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய முயற்சி முரசு அஞ்சலாக வளர்ந்தது. அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு மேக் கணினியோடு சேர்ந்தே வருகிறது. இப்போதைய விண்டோஸிலும் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும், தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. பாட்டுக்கும் படத்துக்கும் தமிழிலேயே பெயர் வையுங்கள். தேடும்போது கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேலை, என் பார்வையில் இதுதான் முக்கியமானது. கடையில் வாங்கிய படம் தொலைந்தால் வேறு எங்கேனும் கிடைக்கும். உங்கள் வீட்டுக் கல்யாண விசிடி வேறு எங்கும் கிடைக்காது. கடைப் படங்கள் ஆலையில் அச்சடித்தவை. வீட்டு விசேஷ டிஸ்க்குகள் பெரும்பாலும் சாய அடுக்கில் லேசரால் எழுதியவை. அந்தச் சாயம் வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கும். விசிடிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. படத்துக்குக் கூடுதல் இடம் கிடைக்க வேண்டும் என்று, கீறல் விழுந்தால் சரிசெய்ய உதவும் கூடுதல் தகவலை அதில் குறைத்துவிட்டார்கள். தரவுச் சிடி தாங்கும் கீறலை விசிடி தாங்காது.

ஆகவே அவற்றைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். விசிடியில் எம்பெக்ஏவி என்ற கோப்புறையைத் திறந்தால் ‘டாட்’ என்று முடியும் பெரிய கோப்பு இருக்கும். டிவிடியில் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறை இருக்கும். இரண்டையும் அப்படியே படியெடுக்கலாம், விஎல்சி திறந்துவிடும். எல்லாக் கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் ஓட வேண்டும் என்றால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264 முறையைத் தேர்ந்து எம்பி4 ஆக மாற்றுங்கள். 2003-இல் வந்த அந்த முறையைப் படிக்கத் தெரியாத கருவி இன்று அநேகமாக இல்லை. இது வீட்டு டிஸ்க்குகளுக்கு மட்டும். கடைப் படங்களின் பூட்டை உடைத்துப் படியெடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தராது.

மாற்றியதை இரண்டு தனித்தனி வன்தட்டில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், மற்றொன்றைப் பட்டர்வொர்த்திலோ ஈப்போவிலோ இருக்கும் அண்ணன் தங்கை வீட்டில் கொடுத்துவையுங்கள். வீடியோவில் வருகிற பெரியவர்கள் யார் யார் என்று தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு, கோப்போடு ஒரு தாளில் பெயரையும் உறவையும் தட்டச்சு செய்து சேர்த்துவிடுங்கள். அந்த முகங்களை அடையாளம் சொல்ல எந்த மென்பொருளாலும் முடியாது.